பின்னால் நிற்கும் மூன்று குரல்கள்

ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஒருவனைச் சந்திக்கிறாள். திங்களன்று அவன் நினைப்பாகவே இருக்கிறாள். செவ்வாயன்று மறுபடி கண்ணில் படுகிறான். புதன்கிழமை சேர்ந்து வெளியே போகிறார்கள், வியாழன் முத்தம். வெள்ளிக்கிழமை ஆளைக் காணோம். சனிக்கிழமை அவன் வந்து நிற்கும்போது, போய்வா ராசா என்று அனுப்பிவிடுகிறாள். ஒரு வாரத்தில் ஒரு காதல் தொடங்கி முடிந்துவிட்டது. பாட்டு ஓடும் நேரம் ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

1958-இல் வெளிவந்த ‘ஐ மெட் ஹிம் ஆன் எ சண்டே’ என்ற பாட்டு இது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பசேயிக் என்ற ஊரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான்கு கறுப்பினப் பெண்கள் தாங்களே எழுதித் தாங்களே பாடியது. ஷர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஆடி ஹாரிஸ் (எல்லோரும் மிக்கி என்றுதான் கூப்பிடுவார்கள்), பெவர்லி லீ. குழுவின் பெயர் ஷிரெல்ஸ்.

பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிழமையையும் ஒருத்தி எடுத்துக்கொள்கிறாள். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள், பொருள் என்று எதுவும் இல்லாத ஒரு சொல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பாடுகிறார்கள். வகுப்பு விட்டதும் நாலு தோழிகள் ஒன்றுகூடி, ‘அப்புறம் என்னடி ஆச்சு?’ என்று கேட்டுக் கதை பிடுங்குவது போலவே இருக்கும். ‘கேர்ள் குரூப்’ என்ற இசை வடிவத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வாசல் இதுதான்.

கேர்ள் குரூப் என்றால் என்ன?

இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கொரியாவின் கே-பாப் குழுக்கள் நினைவுக்கு வரும். ஒரே மாதிரி உடை, சேர்ந்து ஆடும் அசைவுகள், முன்னால் ஒருத்தி, பின்னால் மற்றவர்கள். அந்த வடிவத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனால், 1950-களின் கடைசியில் நியூயார்க் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தொட்டுவிடுவோம்.

பெண்கள் சேர்ந்து பாடியது அப்போது புதிதல்ல. ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் போன்ற சகோதரிக் குழுக்கள் 1930-களிலும் 40-களிலும் பெரும் புகழோடு இருந்தார்கள். அவர்களுடைய பாட்டில் மூன்று குரலும் ஒட்டி, ஒரே உடம்பாக நகரும். கேர்ள் குரூப்பில் குரல்கள் அப்படி ஒட்டிப் போவதில்லை. ஒருத்தி மனத்தில் இருப்பதைச் சொல்கிறாள். மற்றவர்கள் அவளுக்குப் பதில் சொல்கிறார்கள். முன்பாட்டு, பின்பாட்டு என்று நாம் சொல்கிறோமே, அந்த அமைப்பு. பின்பாட்டுக்காரிகளின் வேலை ஒன்றல்ல. சில நேரம் தாளமாக நிற்பார்கள், சில நேரம் முன்குரலின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லி ‘ஆமாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்பார்கள், சில நேரம் எச்சரிப்பார்கள். கேட்கிறவருக்கு, தோழிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அடுத்த அறையிலிருந்து கேட்பது போன்ற உணர்வு வந்துவிடும்.

இது எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்கள். ஒன்று கறுப்பின மக்களின் தேவாலயம். போதகர் ஒரு வரி சொல்ல, சபை முழுதும் பதில் குரல் கொடுக்கும். பாடகர் ஓர் அடி பாட, பாடகர் குழு அதை ஏந்திக்கொள்ளும். இன்னொன்று தெருமுனை. வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் நாலைந்து பேர் விளக்குக் கம்பத்தடியில் கூடி, ஒருவன் பாட, ஒருவன் அடிக்குரலில் பேஸ் கிதாரின் வேலையைச் செய்ய, மற்றவர்கள் ‘டூ-வாப்’, ‘ஷூ-பூ’ என்று ஒலியெழுப்பி ஒரு பாட்டை முழுதாகக் கட்டி எழுப்பினார்கள். அந்த ஒலிகளில் ஒன்றே அந்த வகைக்கு டூ-வாப் என்று பெயராகிவிட்டது.

அதே வடிவத்தைப் பெண்களும் எடுத்துப் பாடினார்கள். 1957-இல் பாபெட்ஸ், 1958 தொடக்கத்தில் ஷாண்டெல்ஸ் என்ற இரு குழுக்கள் வெற்றிப் பாட்டுகள் கொடுத்தன. ஷாண்டெல்ஸ் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியின் கத்தோலிக்கப் பள்ளி மாணவிகள். அவர்களுடைய ‘மேபி’ என்ற பாட்டில் ஆர்லீன் ஸ்மித்தின் குரல் எழும்பி உடைகிற இடத்தை இன்று கேட்டாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆகவே ‘முதல் குழு’ என்ற பட்டத்தை ஷிரெல்ஸுக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. ஆனால் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்று நில்லாமல் ஆண்டுக்கணக்கில் வெற்றி பெற்று, இந்த வடிவத்துக்கு ஓர் உருவமும் சந்தையில் ஓர் இடமும் வாங்கிக் கொடுத்தது அவர்கள்தான்.

சோல் என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். தேவாலயத்தில் கடவுளை நோக்கிப் பாடிய அதே உருக்கத்தோடு மனிதக் காதலையும் வலியையும் பாடினால் கிடைப்பது சோல். 1950-களின் நடுவில் ரே சார்ல்ஸ் தேவாலயப் பாட்டின் நடையைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தார். 1957-இல் சாம் குக் தேவாலய இசையை விட்டுப் பொதுமேடைக்கு வந்தார். ஷிரெல்ஸ் பாடத் தொடங்கியபோது சோல் இன்னும் பெயர் சூட்டப்படாத குழந்தை மாதிரி. அவர்கள் பாட்டில் டூ-வாப்பின் இனிமையும் வரப்போகும் சோலின் உருக்கமும் ஒன்றாகக் கிடக்கும்.

வரவேற்பறையில் ஒரு பாட்டு

பள்ளிக் கலைநிகழ்ச்சியில் நால்வரும் பாடியதைக் கேட்ட வகுப்புத் தோழி ஒருத்தி, என் அம்மா ஒரு ரெக்கார்டு கம்பெனி வைத்திருக்கிறார், வந்து பாடிக் காட்டுங்கள் என்று விடாமல் கேட்டாள். இவர்களுக்கோ அதில் ஆர்வமே இல்லை; பல நாள் தட்டிக்கழித்தார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல் அந்த வீட்டு வரவேற்பறையில் போய் நின்று பாடினார்கள். அந்த அம்மா ஃப்ளோரன்ஸ் கிரீன்பெர்க். நாற்பது வயதைத் தாண்டிய யூத இல்லத்தரசி. இசைத் தொழிலுக்குப் புதியவர். டியாரா என்ற சின்னஞ்சிறு கம்பெனியை நடத்திவந்தார். அன்று முழுக்க முழுக்க ஆண்கள் கையில் இருந்த தொழில் அது.

குழுவின் பழைய பெயர் போக்கெல்லோஸ். அது மாறி, ஷர்லியின் பெயர் காதில் விழும்படியாகவும் ஷாண்டெல்ஸின் சாயலோடும் ஷிரெல்ஸ் ஆனது. கிழமைப் பாட்டு டியாராவில் வந்து உள்ளூரில் ஓடத் தொடங்கியதும், டெக்கா என்ற பெரிய கம்பெனி அதை வாங்கி நாடெங்கும் வெளியிட்டது. பில்போர்டு என்ற இசை இதழின் வெற்றிப் பாட்டுப் பட்டியலில் 49-ஆம் இடம் வரை ஏறியது. அடுத்து வந்தவை ஓடவில்லை, டெக்கா கைவிட்டது. பள்ளிப் பெண்கள் ஒரு பாட்டோடு வந்த வழியே போகும் கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். இதுவும் அப்படி முடிந்திருக்கும். ஆனால் கிரீன்பெர்க் 1959-இல் செப்டர் என்று புதிய கம்பெனி தொடங்கி நால்வரையும் மறுபடி சேர்த்துக்கொண்டார்.

அங்கே லூத்தர் டிக்சன் வந்து சேர்ந்தார். பாடலாசிரியராக ஏற்கெனவே பெயர் எடுத்த கறுப்பினக் கலைஞர். இவர் செப்டரின் தயாரிப்பாளர். இசைத்தட்டு உலகில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் அல்ல. எந்தப் பாட்டு, யார் வாசிப்பது, எந்தக் குரல் எவ்வளவு முன்னே, வயலின் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர். சினிமாவில் இயக்குநர் மாதிரி. ஷர்லியின் குரலைச் சுற்றி மெல்லிய தந்தி வாத்தியங்களையும் லத்தீன் சாயல் தாளத்தையும் அடுக்கியவர் டிக்சன்தான். 1960-இல் ஷர்லியும் அவரும் சேர்ந்து எழுதிய ‘டுநைட்ஸ் த நைட்’ 39-ஆம் இடத்துக்கு வந்தது. அதற்கடுத்த பாட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

நாளையும் என்னைக் காதலிப்பாயா?

பிராட்வே சாலை 1650-ஆம் எண் கட்டடம். சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ, இளம் பாடலாசிரியர்கள் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பாட்டுத் தயாரிக்கும் இடம். அங்கே வேலை பார்த்த இணையர்களில் ஒன்று கரோல் கிங், ஜெரி காஃபின். கரோலுக்கு வயது 18. ஜெரிக்கு 21, பகலில் வேதியியல் துறையில் வேலை. கைக்குழந்தை வேறு. கரோல் மெட்டை டேப்பில் பதிந்து வைத்துவிட்டு வெளியே போக, வேலையிலிருந்து வந்த ஜெரி அதைக் கேட்டு வரிகளை எழுதினார்.

‘வில் யூ லவ் மீ டுமாரோ’. இன்றிரவு நீ என்னுடையவன், நாளைக்கும் இந்தக் காதல் இருக்குமா என்று ஒரு பெண் கேட்கிறாள். அவ்வளவுதான் பொருள். 1960-இல் இதை ஒரு பெண் வாய்திறந்து கேட்பது சாதாரணமல்ல. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது அந்த ஆண்டு மே மாதம்தான். அது பெரும்பாலான இளம் பெண்களின் கைக்கு எட்டுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஓர் இரவின் விலையைப் பெண் மட்டுமே கட்ட வேண்டியிருந்த காலம். அதுவரை வானொலியில் வந்த காதல் பாட்டுகளில் பெண் ஏங்குவாள், காத்திருப்பாள், அழுவாள். இந்தப் பாட்டில் அவள் யோசிக்கிறாள். ஆசையும் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது, இரண்டையும் மறைக்கவில்லை.

முதலில் கேட்டபோது ஷர்லிக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. கன்ட்ரி என்ற வெள்ளையர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருக்கிறது, நமக்கு ஒத்துவராது என்றார். தந்தி வாத்தியங்களைச் சேர்த்தபின் மனம் மாறியது. அந்த வாத்தியக் கோவையை எழுதியது கரோல் கிங். ஒலிப்பதிவின்போது டிரம் வாசித்தவரின் அடி திருப்தியாக இல்லாமல் தானே போய் கெட்டில் டிரம்மை அடித்தார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

ஷர்லியின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி எடுத்த பாடகியின் குரல் அல்ல அது. சில இடங்களில் சுருதிக்கு மயிரிழை கீழே நிற்கும். வித்தை காட்டாது, உச்சத்துக்குத் தாவி நம்மை வியக்கவைக்காது. அதனால்தான் நம்ப முடிகிறது. பக்கத்து வீட்டுப் பெண், தன் அறையில், தயங்கித் தயங்கி, கேட்டுவிடலாமா வேண்டாமா என்று கேட்கிற குரல். இதே பாட்டை இன்னும் கச்சிதமாகப் பாடியவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அந்தப் பதற்றம் வேறு யாரிடமும் கிடைத்ததில்லை.

இனிப் பின்குரல்களைக் கவனியுங்கள். ஷர்லி ஓர் அடி பாட, மற்ற மூவரும் ‘ஷ ட டாப் ஷாப்’ என்று மென்மையாக வந்து போகிறார்கள். கடிகார முள் மாதிரி, அவள் யோசிக்க நேரம் கொடுக்கும் ஒலி. பாட்டின் நடுப்பகுதியில், சொல்லாமலே நீ சொல்கிறாய், ஆனால் பொழுது விடிந்தால் என் நெஞ்சு உடையுமோ என்று அவள் பயத்தைச் சொல்லும் இடத்தில், அந்தத் தாளச் சொல் நின்று குரல்கள் நீண்டு இழைகின்றன. தோளில் கை போடுவது போல. ஒவ்வொரு பத்தியும் அதே கேள்வியில் வந்து முடிகிறது. கடைசியில் பாட்டு நிற்பதுகூட இல்லை. கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபடியே ஒலி தேய்ந்து மறைகிறது. அவனுடைய பதில் பாட்டில் எங்கேயும் இல்லை. அவள் கேட்பது அவனிடம், கூட இருப்பது அந்த மூன்று தோழிகள்.

1961 ஜனவரி கடைசியில் பாட்டு ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. இந்த ‘ஹாட் 100’ என்பது 1958 ஆகஸ்டில் பில்போர்டு இதழ் தொடங்கிய பொதுப் பட்டியல். அதற்கு வெளியே கறுப்பின இசைக்கென்று தனிப் பட்டியல் ஒன்று இருந்தது. கறுப்பினக் கலைஞர் பலர் அதிலேயே நின்றுவிடுவார்கள். பொதுப் பட்டியலில் முதலிடம் என்றால், வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு டாலருக்கும் குறைவான விலையில் அந்த ஏழு அங்குல இசைத்தட்டை வாங்கி, தங்கள் அறையில் ஓட விட்டார்கள் என்று பொருள்.

அப்புறம் கதவு திறந்துகொண்டது. 1959-இல் வந்து கவனிக்கப்படாமல் போன ‘டெடிகேட்டட் டு தி ஒன் ஐ லவ்’ மறுபடி வெளியாகி மூன்றாம் இடம் பிடித்தது. அதில் முன்பாட்டு டோரிஸ், ஷர்லியைவிடக் கனமான, தேவாலய வாசம் வீசும் குரல். ‘மாமா செட்’ நான்காம் இடம். ‘பேபி இட்ஸ் யூ’ எட்டாம் இடம். 1962-இல் ‘சோல்ஜர் பாய்’ மறுபடி முதலிடம், மூன்று வாரம். ஒலிப்பதிவு நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று அவசரமாகப் பதிந்த பாட்டு என்று சொல்வார்கள்.

மேடைக்கு வெளியே

பாட்டு எல்லார் வீட்டுக்குள்ளும் போனது. பாடியவர்கள் போக முடியவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் கைதட்டல் வாங்கிவிட்டு, அதே ஊரில் வெள்ளையர் உணவகத்தில் உட்கார முடியாத காலம். பல அரங்குகளில் பார்வையாளர்களையே நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைத்தார்கள். 1963 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அலபாமா மாநிலம் பர்மிங்காமில், கறுப்பின மக்களின் உரிமைக்காக அந்த மாதக் கடைசியில் நடக்கவிருந்த வாஷிங்டன் பேரணிக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி நடந்தது. நகர அரங்கம் கிடைக்கவில்லை. கறுப்பினக் கல்லூரியான மைல்ஸ் கல்லூரியின் திறந்தவெளியில் மேடை போட்டார்கள். ரே சார்ல்ஸ், ஜானி மாத்திஸ் ஆகியோரோடு ஷிரெல்ஸும் அங்கே பாடினார்கள். சில மாதங்களுக்கு முன் அந்த நகரத்தில்தான் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மீது போலீஸ் நாய்களை ஏவிவிட்டார்கள். அங்கே, நிறம் பிரிக்காமல் சேர்ந்து உட்கார்ந்த கூட்டத்தின் முன், இருபதைச் சற்றே தாண்டியிருந்த இந்தப் பெண்கள் நின்றார்கள்.

பணக் கதை இதைவிடச் சிக்கல். புதிதாக இந்த இசையைக் கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காலக் குழுக்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதிய பாட்டு ஒன்று. பதிந்த ஒலி இன்னொன்று. அமெரிக்காவில் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் பாடலாசிரியருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்குப் போகாது. சாதாரண வானொலி நிலையங்களுக்கு இன்றும் இதுதான் நடைமுறை. ஆக, ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ வானொலியில் ஓடிய ஒவ்வொரு முறையும் ஷர்லிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. பாடியவர்களுக்கு வருமானம் இசைத்தட்டு விற்பனையில் ஒரு சிறு பங்கு, அதிலும் ஒலிப்பதிவுச் செலவு முதலியவற்றைக் கம்பெனி கழித்துக்கொண்டு மிச்சம் இருந்தால். அப்புறம் மேடை நிகழ்ச்சிகள்.

ஷிரெல்ஸ் சொன்ன கணக்குப்படி, அவர்களுடைய பங்குப் பணத்தைச் சேர்த்துவைத்து 21 வயது ஆனதும் தருவதாகச் செப்டர் சொல்லியிருந்தது. வயது வந்தது. கேட்டார்கள். அப்படி ஒரு சேமிப்பு இல்லை. வழக்கு, எதிர்வழக்கு என்று இழுத்து 1965-இல் சமரசமாக முடிந்தது. அம்மா மாதிரி என்று நம்பியவரோடு நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது அவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய அடி. எனக்கு கிரீன்பெர்க்கின் மேல் மரியாதை உண்டு. ஆண்கள் உலகத்தில் தனியாகக் கம்பெனி நடத்தியவர், பாடகி டியான் வார்விக் வளர்ந்ததும் அவருடைய செப்டரில்தான். இந்த விஷயத்தில் மட்டும் என் மனம் அந்த நான்கு பெண்களின் பக்கமே நிற்கிறது.

இதே நேரத்தில் டிக்சனும் 1963-இல் செப்டரை விட்டுப் போனார். ‘ஃபூலிஷ் லிட்டில் கேர்ள்’ அந்த ஆண்டு நான்காம் இடம் வரை போனது. அதற்குப் பிறகு அந்த உயரம் வரவில்லை.

யார் பாடினால் என்ன?

கேர்ள் குரூப் முறையின் ஆழமான பிரச்சினை இதுதான்: குழுவின் பெயர் கம்பெனியின் கையில் இருந்தது, குரல்களை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்தது. 1962-இல் கிரிஸ்டல்ஸ் என்ற குழுவின் பெயரில் ‘ஹீ இஸ் எ ரெபெல்’ முதலிடம் பிடித்தது. கிரிஸ்டல்ஸ் பெண்கள் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் லாஸ் ஏஞ்சல்ஸில் டார்லீன் லவ் தலைமையில் பிளாசம்ஸ் என்ற வேறு குழுவைப் பாட வைத்து, தட்டில் கிரிஸ்டல்ஸ் பெயரைப் போட்டுவிட்டார். டார்லீன் லவ்வின் பெயரைக் கேட்டவர்கள் அறியவில்லை. கிரிஸ்டல்ஸ் தாங்கள் பாடாத பாட்டை மேடையேறிப் பாட வேண்டியதாயிற்று. பின்னாளில் போலிக் குழுக்கள் பழைய பெயர்களில் ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தியதும் இதன் தொடர்ச்சிதான். அதைத் தடுக்கும் சட்டங்களுக்காகச் சுப்ரீம்ஸின் மேரி வில்சன் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பேசினார்.

சுப்ரீம்ஸ் என்றதும் மோடவுனுக்கு வர வேண்டும். டெட்ராய்ட் நகரில் பெரி கோர்டி தொடங்கிய இந்தக் கம்பெனிக்கு ‘ஹாட் 100’-இல் முதல் முதலிடத்தை வாங்கித் தந்ததும் ஒரு கேர்ள் குரூப்தான்: மார்வலெட்ஸ், 1961 டிசம்பர், ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’. ஷிரெல்ஸ் முதலிடத்தைத் தொட்டு ஓராண்டு முடிவதற்குள். அதன்பின் மோடவுன் இதை ஒரு முறையாகவே ஆக்கியது. நடை, உடை, பேச்சு சொல்லித்தர ஒரு ஆசிரியை, மேடை அசைவுகளுக்கு ஒரு நடன ஆசிரியர் என்று பயிற்சி கொடுத்துக் குழுக்களை உருவாக்கினார்கள். டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளோரன்ஸ் பல்லார்ட் மூவரும் பாடிப் புகழ்பெற்ற சுப்ரீம்ஸ் 1964-இலிருந்து 1969 வரை 12 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1967-இல் குழுவின் பெயர் ‘டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்’ ஆனது. குழு தொடங்கக் காரணமாக இருந்த பல்லார்ட் அதே ஆண்டு வெளியேற்றப்பட்டார். 1976-இல், 32 வயதில், வறுமையோடு போராடி இறந்துபோனார். பின்னால் நிற்கும் குரலுக்கு இந்தத் தொழில் கொடுத்த மதிப்பு அது.

இன்னொரு திசையில் ஷிரெல்ஸின் குரல் கடல் தாண்டியது. 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி, லண்டனில் ஒரே நாளில் பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிந்தார்கள். அதில் இரண்டு பாட்டுகள் ஷிரெல்ஸுடையவை: ‘பேபி இட்ஸ் யூ’, ‘பாய்ஸ்’. இந்த ‘பாய்ஸ்’, ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு. பையன்களைப் பற்றிப் பெண்கள் பாடுவது. ரிங்கோ அதை அப்படியே பாட, ஜானும் பாலும் ஜார்ஜும் பின்னால் நின்று குரல் கொடுக்கிறார்கள். மூன்று பெண்கள் நின்ற இடத்தில் மூன்று ஆண்கள். உலகையே ஆட்டிப்படைக்கப்போகும் குழு, பின்பாட்டுப் பாடக் கற்றுக்கொண்ட பள்ளிகளில் ஒன்று பசேயிக் பெண்களின் இசைத்தட்டு. அடுத்த ஆண்டு அதே பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்தபோது கிளம்பிய பிரிட்டிஷ் அலையில், ஷிரெல்ஸ் போன்ற குழுக்களுக்கு வானொலியில் இடம் சுருங்கிப்போனது.

1971-இல் கரோல் கிங் தன் ‘டேப்பஸ்ட்ரி’ ஆல்பத்தில் ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வைத் தானே பாடினார், பியானோவோடு, மிக மெதுவாக. அதே கேள்வியை இப்போது வாழ்க்கையைப் பார்த்துவிட்ட ஒரு பெண் கேட்கிறாள். பின்னாளில் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸும் பாடினார். இரண்டும் அருமை.

ஷிரெல்ஸ் ஓயவில்லை, 1960-களின் பிற்பகுதியிலும் அதன்பின்னும் பழைய பாட்டுக் கச்சேரிகளில் பாடிக்கொண்டே இருந்தார்கள். டோரிஸ் இடையில் குடும்பத்துக்காக விலகித் திரும்பி வந்தார். ஷர்லி 1975-இல் தனியாகப் பாடப் போனார். மிக்கி ஹாரிஸ் 1982-இல் அட்லாண்டாவில் ஒரு நிகழ்ச்சியில் பாடி முடித்தபின் மாரடைப்பால் இறந்தார், வயது 42. 1996-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் குழுவைச் சேர்த்தார்கள். டோரிஸ் 2000-இல் மார்பகப் புற்றுநோயால் காலமானார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

இந்த இசைக்குப் புதியவர் என்றால் முதலில் அந்தக் கிழமைப் பாட்டு. அப்புறம் டோரிஸின் குரலுக்காக ‘டெடிகேட்டட் டு தி ஒன் ஐ லவ்’. பிறகு ‘மாமா செட்’, அதில் பின்குரல்கள் அம்மாவின் புத்திமதியைச் சேர்ந்து எடுத்துச் சொல்வதைக் கவனியுங்கள். ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வைக் கடைசியாக வையுங்கள், ஹெட்ஃபோனில், மூன்று முறை. முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை ஷர்லியை மட்டும். மூன்றாம் முறை ஷர்லியை விட்டுவிட்டு மிக்கியும் டோரிஸும் பெவர்லியும் எங்கே வருகிறார்கள், எங்கே விலகி வழி விடுகிறார்கள், எங்கே அவளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.